கறுப்புப் பையில் வந்த கோட்டு: இசபெல்லா ப்ளோவின் உடைச் சேகரிப்பு சிதறாமல் நின்ற விதம்

2010 செப்டம்பரில் லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஒரு பெண்ணின் உடைகளை ஏலம் விடுவதாக இருந்தது. வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குவீனின் 90-க்கும் மேற்பட்ட உடைகளும், தொப்பிக் கலைஞர் ஃபிலிப் ட்ரேசியின் சுமார் 50 தொப்பிகளும் அதில் இருந்தன. அவற்றை உடுத்திய ஃபேஷன் இதழாளர் இசபெல்லா ப்ளோ இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் விட்டுச்சென்ற கடன்களைத் தீர்ப்பதற்காகவே அந்த விற்பனை. ஆனால் ஏலம் நடக்கவில்லை. தோழி டாஃப்னி கின்னஸ் ஒரு தொப்பியைக்கூட வெளியே விடாமல் மொத்தத்தையும் முன்கூட்டியே வாங்கிவிட்டார்.

பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களின் பழைய உடைகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று உலகெங்கும் பெருகிவிட்டார்கள். எந்த ஆண்டு, எந்த ஃபேஷன் ஷோ, அதில் எத்தனையாவது உடை என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் நாணயம் சேகரிப்பவர்கள் நினைவுக்கு வருவார்கள். அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பேச்சில் ஒரு கேள்வி அடிக்கடி விடுபட்டுப் போகிறது. இந்த உடையை யார் உடுத்தினார், எந்த நாளில், ஏன்? ப்ளோவின் சேகரிப்பு முழுக்க முழுக்க அந்தக் கேள்விக்கான பதில். அதை ஏலத் தொகுதிகளாகப் பிரித்திருந்தால் துணிகள் பிழைத்திருக்கும், பதில் அழிந்திருக்கும். இந்த நிகழ்வை விரிவாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

வாரம் 100 பவுண்டு

இசபெல்லா ப்ளோ 1958-இல் பிறந்தார். செஷயர் மாவட்டத்தின் டாடிங்டன் பண்ணை மாளிகை அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமானது. பழைய பிரபுக் குடும்பம், பெரிய பெயர். ஆனால் கையில் பணம் நிற்கவில்லை. தந்தை இறந்தபோது உயிலில் மகளுக்கு வந்தது 5,000 பவுண்டு. நியூயார்க்கில் வோக் இதழில் ஆனா வின்டரின் உதவியாளராக இருந்துவிட்டு லண்டனுக்குத் திரும்பியவர், டேட்லர், பிரிட்டிஷ் வோக், சண்டே டைம்ஸ் நாளிதழின் ஸ்டைல் இணைப்பு ஆகியவற்றில் ஃபேஷன் பக்கங்களை உருவாக்கினார். ஸ்டெல்லா டெனன்ட்டை மாடலிங் உலகுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

1992-இல் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியின் முதுகலை மாணவர்கள் தங்கள் இறுதித் தொகுப்புகளைக் காட்டினார்கள். மெக்குவீனின் தொகுப்புக்கு லண்டனின் பழைய கொலைகாரன் ஜாக் த ரிப்பரின் பெயர். பெயரில் பயங்கரம் இருந்தாலும் ப்ளோவின் கண் போனது வெட்டுக்கு. துணியை உடலின் மேல் எங்கே அறுத்து எங்கே விட வேண்டும் என்பது அந்த இளைஞனுக்குத் தெரிந்திருந்தது. சாவில் ரோ தையற்கடைகளில் பயிற்சி பெற்ற கை அது. ப்ளோ அந்தத் தொகுப்பு முழுவதையும் கேட்டார். விலை 5,000 பவுண்டு. அவரிடம் அவ்வளவு பணம் இல்லை. வாரம் 100 பவுண்டாகக் கொடுப்பதென்று முடிவாயிற்று. கணக்குப் போட்டால் 50 வாரம், கிட்டத்தட்ட ஓர் ஆண்டு. மெக்குவீன் ஒவ்வோர் உடையாகக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு எடுத்துவருவார். பணத்துக்கு இருவரும் வங்கி இயந்திரத்துக்குப் போவார்கள்.

அந்தப் பைகளில் ஒன்றில் வந்தது ஓர் இளஞ்சிவப்புப் பட்டுக் கோட்டு. மேலே முள்கம்பிகளைப் போல அச்சிட்ட முட்செடி வடிவம். உள்ளே வெள்ளைப் பட்டு லைனிங். அந்தப் பட்டுக்குள் மனித முடி வைத்து அடைக்கப்பட்டிருந்தது. ஆரம்ப ஆண்டுகளில் மெக்குவீன் தன் பெயர்ச்சீட்டிலும் ஒரு கற்றை முடியை வைத்துத் தைத்தார். விக்டோரியா காலத்து லண்டனில் முடியை விற்றுப் பிழைத்த பெண்களையும், அன்பின் அடையாளமாக முடிக்கற்றையைக் கொடுத்து வாங்கிய வழக்கத்தையும் மனத்தில் வைத்துச் செய்தது அது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் வோக் இதழில் ப்ளோ அந்தத் தொகுப்பின் உடைகளை அணிந்து தோன்றினார்.

தவணை முறையில், பெயர் தெரியாத மாணவனிடம், எதிர்கால விலையைப் பற்றிய எண்ணமே இல்லாமல் வாங்கியது. இன்றைய சேகரிப்பாளர்கள் விலைப்பட்டியலைப் பார்த்து வாங்குகிறார்கள். ப்ளோ அந்த உடைகளை மறுநாள் உடுத்திக்கொண்டு வெளியே போவதற்காக வாங்கினார்.

தலையில் ஒரு கப்பல்

தொப்பிகளின் கதை அதற்கும் மூன்றாண்டு முந்தியது. 1989-இல் ஃபிலிப் ட்ரேசி ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மாணவர். முதலைப் பற்களைப் போல் வெட்டிய பச்சை ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) தொப்பி ஒன்றை டேட்லர் அலுவலகத்தில் ப்ளோ பார்த்தார். அதே ஆண்டு க்ளாஸ்டர் தேவாலயத்தில் டெட்மார் ப்ளோவுடன் நடக்கவிருந்த தன் திருமணத்துக்குத் தலையணி செய்யும் பொறுப்பை அந்த மாணவரிடம் கொடுத்தார். பிறகு பெல்கிரேவியாவில் எலிசபெத் தெரு வீட்டின் அடித்தளத்தை அவர் தங்கி வேலை செய்ய விட்டுக்கொடுத்தார். மெக்குவீனும் சிறிது காலம் அதே கூரையின் கீழ் இருந்தார்.

அந்த அடித்தளத்தில் தொடங்கிய உறவிலிருந்து வந்தவற்றில் பலரும் அறிந்தது கப்பல் தொப்பி. 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாய்மரக் கப்பல் ஒன்று முழுமையாகத் தலையில் நிற்கும். பாய்கள் சாட்டின் துணி. கயிறுகள், இறகின் தண்டைச் சீவி எடுத்தவை. ட்ரேசியின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இறகுத் தண்டு நுட்பம்தான். இறகு என்றால் நாம் மென்மையான பகுதியையே நினைக்கிறோம். அதை உரித்துவிட்டு நடு எலும்பைக் கப்பல் கயிறாக்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது!

ப்ளோ இவற்றை விழா நாளுக்கென்று எடுத்துவைக்கவில்லை. அலுவலகத்துக்கும், மதிய உணவுச் சந்திப்புக்கும், வயல்வெளி நடைக்கும் அப்படியே போனார். ஒரு முறை கறுப்பு லேஸ் போர்த்திய மான்கொம்புத் தலையணியோடு இதழ் நிறுவன அதிபருடனான விருந்துக்கு வந்தார். எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டபோது அது தன் கவலை இல்லை என்று சொன்னதாக அவருடைய மேலதிகாரி பின்னாளில் நினைவுகூர்ந்தார். தொப்பி ஏன் என்ற கேள்விக்கு அவர் தந்த விளக்கம் இதைவிட ஆழமானது. எல்லோரும் நெருங்கி வந்து முத்தமிடுவதைத் தொப்பி தடுக்கிறது, நான் நேசிப்பவர்கள் மட்டும் முத்தமிட்டால் போதும் என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். தனிப்பட்ட பாணி என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிற ஒன்று அவருக்குக் கவசமாக இருந்தது. அழகின்மை குறித்த பயம், குழந்தைப் பருவத்தில் கண்முன்னே தம்பியை நீரில் பறிகொடுத்த துக்கம், பணக்கவலை, மனச்சோர்வு எல்லாவற்றோடும் அவர் தினமும் காலையில் எழுந்து உடுத்தினார். சிவந்த உதட்டுச்சாயம் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் அரிது.

2000 டிசம்பரில் மெக்குவீன் தன் நிறுவனத்தின் 51 சதவீதத்தைக் குச்சி (Gucci) என்ற ஃபேஷன் குழுமத்துக்கு விற்றபோது ப்ளோவுக்கு அதில் பதவி எதுவும் தரப்படவில்லை. உடைகள் தொடர்ந்து வந்தன. இந்த இடத்தில் யாரையும் குற்றம் சொல்ல நான் முயலவில்லை. ஆனால் அந்த 90 உடைகளை எண்ணிக்கையாகப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒரு மனிதரின் உழைப்புக்கான கூலி பெரும்பாலும் துணியாகவே வந்து சேர்ந்த அலமாரி அது.

2007 மே 7-ஆம் தேதி, 48 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். க்ளாஸ்டர் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. பிரம்புப் பெட்டியின் மேல் மலர்வளையம் இல்லை, ட்ரேசியின் தொப்பி ஒன்று இருந்தது. அந்த அக்டோபரில் பாரிஸில் மெக்குவீனும் ட்ரேசியும் சேர்ந்து ‘லா தாம் ப்ளூ’ என்ற ஃபேஷன் ஷோவை அவருக்குக் காணிக்கையாக நடத்தினார்கள்.

ஏலம் என்றால் என்ன நடந்திருக்கும்

கடன் வைத்துவிட்டு இறந்தவரின் சொத்தைக் கவனிப்பவர்களுக்கு அதைப் பணமாக்கும் கடமை உண்டு. ஏல நிறுவனம் சேகரிப்பைத் துண்டு துண்டாகவே விற்கும், ஏனென்றால் போட்டி அங்கேதான் இருக்கிறது. ஒரு தொப்பிக்கு நான்கு பேர் மோதுவார்கள், முழு அலமாரியையும் வாங்கக்கூடியவர் உலகத்தில் ஒருவரோ இருவரோ. அதோடு 2010 பிப்ரவரி 11 அன்று மெக்குவீனும் மறைந்துவிட்டார். இனி அவர் கையால் புதிதாக எதுவும் வராது என்றான பிறகு ஆரம்பகால உடைகளின் மேல் எல்லோருடைய கண்ணும் விழுந்தது. செப்டம்பர் ஏலத்துக்கு அதைவிடச் சாதகமான நேரம் விற்பவருக்கு அமைந்திருக்காது. சேகரிப்புக்கோ அதைவிட ஆபத்தான நேரம் இல்லை.

பிரிந்திருந்தால் என்ன போயிருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மெக்குவீன் உடை ஒன்றும் ட்ரேசி தொப்பி ஒன்றும் ப்ளோவின் தலையிலும் உடம்பிலும் ஒரே நாளில் சந்தித்தன. இரண்டு வடிவமைப்பாளர்களும் அதைத் திட்டமிடவில்லை, உடுத்தியவர் திட்டமிட்டார். ஏலப் பட்டியலில் உடை ஓர் எண், தொப்பி வேறோர் எண். ஒன்று டோக்கியோவுக்கும் மற்றொன்று டெக்சாஸுக்கும் போய்விட்டால் அந்தச் சந்திப்புக்குப் புகைப்படம் மட்டுமே சாட்சி. வடிவமைப்பாளரின் படைப்பு அப்போதும் பிழைக்கும். உடுத்தியவரின் படைப்பு, அதாவது சேர்த்து அணிந்த அந்த முடிவு, காணாமல் போகும். ப்ளோ எதையும் தைத்தவர் அல்ல. அவர் விட்டுச்சென்ற ஒரே கலை இந்தச் சேர்க்கைதான்.

டாஃப்னி கின்னஸ் இதை உணர்ந்திருந்தார். அவரும் பெரும் சேகரிப்பாளர், உயர்தரத் தையலைத் தினமும் உடுத்துபவர். 2011 மே மாதம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் மெட் காலா விருந்துக்குப் புறப்படும் முன் நியூயார்க்கின் பார்னீஸ் கடைக் கண்ணாடிச் சாளரத்துக்குள் நின்று, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க உடை மாற்றிக்கொண்டவர். அப்படிப்பட்டவர் தோழியின் உடைகளைத் தன் அலமாரியில் கலக்கவில்லை. இசபெல்லா ப்ளோ அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்தி, சேகரிப்பைத் தனியே வைத்தார். கலை, ஃபேஷன் மாணவர்களுக்கு உதவுவதும் மனநலப் பணிக்குத் துணை நிற்பதும் அதன் நோக்கங்கள்.

பலன் ஓராண்டுக்குள் தெரிந்தது. 2011 மே மாதம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் திறந்த மெக்குவீன் கண்காட்சியை 6,61,509 பேர் பார்த்தார்கள். அங்கே முதல் தொகுப்பிலிருந்து வைக்கப்பட்டிருந்தவற்றுள் அந்த இளஞ்சிவப்பு முட்கோட்டும் ஒன்று. அதன் விளக்க அட்டையில் ‘இசபெல்லா ப்ளோவின் சேகரிப்பிலிருந்து, டாஃப்னி கின்னஸின் அனுமதியுடன்’ என்று எழுதியிருந்தது.

கறையை என்ன செய்வது

வாங்கியாயிற்று. பிறகு வந்தது கடினமான வேலை. அருங்காட்சியகத்துக்கென்றே தைத்த உடைகள் அல்ல இவை. சிகரெட் சுட்ட தடங்கள், கிழிந்த ஓரங்கள், தேய்ந்த குதிகால்கள். அவர் விரும்பிப் பூசிய ஃப்ராகாஸ் வாசனைத் திரவியத்தின் மணமும். துணிப் பாதுகாப்பில் பழகியவர்களுக்கு இது ஒரு தர்மசங்கடம். வியர்வையும் சாயமும் பட்டிழையை மெல்ல அரிக்கும், ஆகவே துடைக்க வேண்டும். துடைத்தால் உடுத்தியவரின் சான்று போய்விடும்.

தொப்பிகளுக்கு வேறு கவலை. இறகு, கம்பளி, ஃபெல்ட், முடி எல்லாம் புரதம், அந்துப்பூச்சியின் புழுவுக்கு உணவு. மருந்து தெளித்தால் சாயம் கெடும். அதனால் பொருளைக் காற்றுப் புகாமல் சுற்றி, உறைநிலைக்கு மிகக் கீழே சில நாள் வைத்துப் பூச்சியைக் கொல்வது வழக்கம். ஒவ்வொரு தொப்பிக்கும் அதன் உள்வளைவுக்கு ஏற்ற தாங்கி வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் தன் எடையிலேயே சாய்ந்துவிடும். உடைகளுக்கு அமிலமற்ற மெல்லிய தாள், பஞ்சு சுற்றிய தோள்தாங்கி. காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸுக்கு (ஒளியை அளக்கும் அலகு) மேற்படாத மங்கலான ஒளி. பட்டு மடிப்பில்தான் முதலில் ஒடியும் என்பதைப் பட்டுப்புடவையை ஆண்டுக்கொரு முறை வெளியே எடுத்து மடிப்பை மாற்றி வைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஷோனா மார்ஷல் இந்தச் சேகரிப்பை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார். பின்பு அலிஸ்டர் ஓ'நீலுடன் சேர்ந்து லண்டன் சாமர்செட் ஹவுஸில் கண்காட்சியாக அமைத்தார். 2013 நவம்பர் 20 முதல் 2014 மார்ச் 2 வரை, நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள். வடிவமைப்பாளரின் கண்காட்சிகள் நிறைய உண்டு. உடுத்தியவரின் பெயரில், உடுத்தியவரின் வாழ்க்கை வரிசையில் நடந்த பெரிய கண்காட்சிகள் குறைவு. இங்கே உடையும் தொப்பியும் அவர் சேர்த்து அணிந்தபடியே மீண்டும் சேர்ந்தன. புகைப்படக் கலைஞர் நிக் நைட் இதே உடைகளை டாடிங்டன் மாளிகைக்கு எடுத்துச் சென்று படமாக்கினார். ப்ளோ வளர்ந்த நிலத்துக்கே அவை திரும்பின.

தேய்மானத்தை மறைக்காமல் விட்டதுதான் இந்த முயற்சியின் மிகச் சிறந்த முடிவு என்று நான் நினைக்கிறேன். பழைய உடைச் சந்தையில் ‘ஒருமுறைகூட உடுத்தாதது’ என்பதற்கு விலை கூடும். நாணயத்துக்கு அது சரி. ஒருவரின் பாணியைக் காட்டும் சேகரிப்பில் உடுத்தாத உடை ஊமை. சிகரெட் சுட்ட துளை, அவர் அதைப் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்து பேசினார், கை அசைத்தார், சாம்பலை மறந்தார் என்று சொல்கிறது.

அதே நேரத்தில், ப்ளோவைப் போல உடுத்தினால் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் மிஞ்சாது என்ற எதிர்வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. இன்னும் இருபது ஆண்டு அவர் வாழ்ந்திருந்தால் கப்பல் தொப்பி என்னவாகியிருக்கும்? தெரியாது. உடுத்துபவர் உயிரோடு இருக்கும் வரை உடை அவருடையது, அவர் கிழித்தாலும். அவருக்குப் பிறகு யாரும் உடுத்தக்கூடாது. இது என் நிலை, எல்லாச் சேகரிப்பாளர்களும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். குறிப்பாகப் பழைய உடையை வாடகைக்கு விட்டு அதிலிருந்தே பராமரிப்புச் செலவைப் பார்ப்பவர்களுக்கு இது உவப்பாக இராது.

தன் அலமாரியைப் பிரித்தவர்

இந்த நிகழ்வில் என்னை நீண்ட நாள் யோசிக்கவைத்தது 2012-இல் நடந்தது. டாஃப்னி கின்னஸின் சொந்தச் சேகரிப்பை நியூயார்க்கின் ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி அருங்காட்சியகம் அதற்கு முந்தைய ஆண்டில்தான் காட்சிக்கு வைத்திருந்தது. அருங்காட்சியக இயக்குநர் வலேரி ஸ்டீலும் கின்னஸும் சேர்ந்து தேர்ந்தெடுத்த சுமார் 100 பொருள்கள். அந்தப் புகழ் அடங்கும் முன்பே, 2012 ஜூனில், தன் உடைகளிலிருந்து ஏறக்குறைய 100 பொருள்களை அவர் லண்டன் சவுத் கென்சிங்டனில் கிறிஸ்டீஸ் வழியாகவே ஏலத்துக்கு விட்டார். கிடைத்த பணம் இசபெல்லா ப்ளோ அறக்கட்டளைக்கு. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு விலை போயிற்று. பாடகி லேடி காகாவும் வாங்கியவர்களில் ஒருவர்.

இரண்டாண்டுக்கு முன் இன்னொருவரின் அலமாரி பிரியக்கூடாது என்று நின்றவர், அதைக் காப்பாற்றுவதற்காகத் தன்னுடையதைப் பிரித்தார். முதலில் இது எனக்கு முரணாகப் பட்டது. பிறகு புரிந்தது. கின்னஸ் உயிரோடு இருக்கிறார். எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதை அவரே தேர்ந்தெடுத்தார். நாளை வேறு உடையில் தன் பாணியைத் தொடர அவருக்கு வழி இருக்கிறது. ப்ளோவின் அலமாரியில் இனி ஒரு பொத்தான்கூடச் சேராது. தேர்ந்தெடுக்கவும் ஆள் இல்லை. இரண்டு சேகரிப்புகளையும் ஒரே விதியால் அளக்க முடியாது. மொத்தச் சேகரிப்பையும் காப்பது பெரும் பணம் தேவைப்படும் காரியம் என்பதும் இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. குளிரூட்டிய அறை, பெட்டி, பட்டியல், காப்பீடு என்று செலவு ஆண்டுதோறும் வரும். மதுபானத் தொழில் வளர்த்த குடும்பத்தின் வாரிசு குறுக்கே வந்ததால் இந்தச் சேகரிப்பு தப்பியது. அப்படி ஒரு தோழி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

2016-இல் இதே சேகரிப்பு சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. லண்டன் தெருக்களில் சேர்ந்து நடந்த உடையும் தொப்பியும் அங்கேயும் சேர்ந்தே நின்றன.

கறுப்புப் பைகளைப் பற்றி இன்னும் ஒன்று. முதுகலைத் தொகுப்பை விற்ற அடுத்த ஆண்டு, 1993-இல், மெக்குவீன் தன் பெயரில் முதல் தொகுப்பை லண்டன் ரிட்ஸ் ஹோட்டலில் காட்டினார். காட்டி முடித்த இரவு அந்த உடைகளைக் குப்பைப் பைகளில் கட்டி, ஓர் இரவு விடுதியின் வாசலில் மறைவாக வைத்துவிட்டு உள்ளே போனதாகவும், திரும்பி வந்தபோது பைகள் இல்லை என்றும் அவருடைய வாழ்க்கையைப் பதிவு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பை யாரும் வாரம் 100 பவுண்டு கொடுத்து வாங்கியிருக்கவில்லை. 2023-இல் லண்டன் டிசைன் மியூசியம் அதைக் காட்ட விரும்பியபோது, அன்று அவரோடு வேலை செய்தவர்களின் நினைவிலிருந்து சில உடைகளை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஓராண்டு மூத்த முட்கோட்டைக் காட்டுவதற்கு, உள்ளே அடைத்த முடியோடு, பெட்டியைத் திறந்தாலே போதும்.